தொழில் பழகப் போகும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஊரில் கைத்தொழிலுக்கு ஆள் தேவை குறைந்ததே இல்லை. வெல்டிங், வயரிங், ஏர்கோன், பைப் வேலை, கனரக வாகனப் பழுது என்று எல்லாவற்றுக்கும் ஆள் தேடுகிறார்கள். ஆனாலும் நம் பிள்ளைகளில் பலர் ஐந்தாறு வருடம் வேலை செய்த பிறகும் கையில் ஒரு சான்றிதழ்த் தாள்கூட இல்லாமல் நிற்கிறார்கள். கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி அதைத் தவிர்ப்பது பற்றியது.

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) சரியாக வரவில்லை. தொழில் பயிற்சியில் சேர முடியுமா?

முடியும். மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். நிலை 1, 2, 3 என்று ஏறும். அதற்கு மேல் நிலை 4 திறன் டிப்ளோமா, நிலை 5 உயர் திறன் டிப்ளோமா. இவற்றை மனிதவள அமைச்சின் கீழ் உள்ள திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே., 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டப்படி (சட்டம் 652) வழங்குகிறது. தொடக்க நிலைகளில் கேட்பது மலாய் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், கணக்குப் போடத் தெரிய வேண்டும் என்பதுதான். எஸ்.பி.எம். மதிப்பெண் அங்கே பெரிய தடை அல்ல.

ஆனால் மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லாவிட்டால் பின்னால் சிக்கல் வரும். அரசாங்கக் கழகங்களில் சேரும்போதும் டிப்ளோமாவுக்கு ஏறும்போதும் இந்த இரண்டையும் கேட்பார்கள். இரண்டையும் மறுதேர்வாக எழுதலாம். பயிற்சியில் சேர்ந்துவிட்டு அந்த வருடமே எழுதி முடித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் வேலை அலைச்சலில் புத்தகத்தைத் தொட நேரம் கிடைக்காது.

எத்தனை வழிகள் இருக்கின்றன?

மூன்று.

ஒன்று, அரசாங்கப் பயிற்சிக் கழகம். ஐ.எல்.பி. என்று நாம் சொல்லிப் பழகிய இடங்கள் இப்போது அட்டெக் ஜே.டி.எம். என்ற பெயரில் இயங்குகின்றன. நமக்குப் பக்கத்தில் ஈப்போவிலும் தைப்பிங்கிலும் உண்டு. கட்டணம் குறைவு, விடுதி உண்டு. ஊரிலேயே இருக்க விரும்புபவர்கள் சுங்கை சிப்புட் சமூகக் கல்லூரியையும் பார்க்கலாம். விண்ணப்பம் இணையம் வழிதான். வருடத்தில் பொதுவாக ஜனவரி, ஜூலை என்று இரண்டு முறை சேர்க்கை நடக்கும்.

இரண்டு, எஸ்.எல்.டி.என். எனப்படும் தேசிய இரட்டைப் பயிற்சி முறை. நிறுவனத்தில் வேலை, பயிற்சி மையத்தில் பாடம், இரண்டும் சேர்ந்தே நடக்கும். 2005 முதல் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகளில் பலருக்கு இந்தப் பெயரே தெரியாது என்பதுதான் வருத்தம்.

மூன்று, நேராகப் பட்டறையில் சேருவது. இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

எஸ்.எல்.டி.என். நடைமுறையில் எப்படி ஓடும்?

பயிற்சி நேரத்தில் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்தில் கழியும். மிச்சம் வகுப்பறையில். சில இடங்களில் வாரத்துக்கு நான்கு நாள் பட்டறை, ஒரு நாள் வகுப்பு. வேறு சில இடங்களில் சில மாதங்கள் தொடர்ந்து வேலை, பிறகு ஒரு மாதம் போல வகுப்பு. ஊரிலிருந்து ஈப்போவுக்கு மோட்டாரில் போய்வர வேண்டியவர்களுக்கு இரண்டாவது முறை தோதாக இருக்கும்.

சேருமுன் நிறுவனத்திடம் மூன்று விஷயம் கேளுங்கள். ஜே.பி.கே. பயிற்சி பெற்ற பயிற்றுநர் அங்கே இருக்கிறாரா? எந்தத் தொழிலுக்கு, எந்த நிலைக்குப் பதிவு செய்கிறார்கள்? ஒப்பந்தம் எப்போது கையெழுத்தாகும்? “முதலில் மூணு மாசம் வேலை பார், பிறகு பதியலாம்” என்றால் அந்த மூன்று மாதம் கணக்கில் சேராது. மூன்று மாதம் ஆறாக நீள்வதும் வழக்கம்.

சேர்ந்த பிறகு பதிவேடுதான் உயிர்நாடி. இன்று என்ன வேலை, எந்தக் கருவி, யார் பார்த்தார் என்று எழுதி, பயிற்றுநரிடம் அந்த வாரமே கையொப்பம் வாங்க வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாக எழுதுபவர்கள் மதிப்பீட்டு நாளில் மாட்டிக்கொள்கிறார்கள். “இந்தத் தடிப்புத் தகட்டுக்கு எத்தனை ஆம்ப்பியர் வைத்தாய்?” என்று கேட்டால் பதில் வராது.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

வேலைவாய்ப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு பழகுநர் ஒப்பந்தம் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 24 மாதம். ஆகவே “அஞ்சு வருஷம் என்னோடு இருக்கணும்” என்று எழுதிய தாளைப் பழகுநர் ஒப்பந்தம் என்று ஏற்க வேண்டாம். வேலை நேரம் வாரத்துக்கு 45 மணிக்கு மேல் போகக்கூடாது. படித்தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் கைக்கு வரும் என்று எண்ணில் எழுதியிருக்க வேண்டும்.

வேலை விபத்துக் காப்பான சொக்சோவும் ஓய்வுகாலச் சேமிப்பான இ.பி.எஃப்.பும் பழகுநருக்கும் உண்டு. இரண்டு சட்டங்களும் ‘பழகுநர் ஒப்பந்தம்’ என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. இ.பி.எஃப்.பில் ஊழியர் பங்கு 11 விழுக்காடு. 5,000 வெள்ளி வரை சம்பளம் உள்ளவருக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு. இரண்டாவது மாதமே கணக்கைத் திறந்து பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தும் கணக்கில் ஏறாமல் இருந்தால் உடனே கேளுங்கள். கை வெட்டுப்பட்ட பிறகு சொக்சோ இல்லை என்று தெரிய வருவது எந்தக் குடும்பத்துக்கும் வேண்டாம்.

பிள்ளைக்கு 18 ஆகவில்லை என்றால் பெற்றோரும் கையொப்பமிட வேண்டும். 1966ஆம் ஆண்டின் சிறார், இளையோர் வேலைச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவரை அபாயகரமான வேலையில் வைக்கத் தடை போடுகிறது. பதினாறு வயதுப் பையனைத் தனியாகக் கூரைமேல் ஏற்றிவிடும் தவ்கே சட்டத்தையும் மீறுகிறார், நம் பிள்ளையின் உயிரோடும் விளையாடுகிறார்.

மாமாவின் பட்டறையிலேயே சேர்த்துவிடலாமே?

சேர்க்கலாம். நம் ஊரில் நல்ல கைகள் பலவும் அப்படித்தான் உருவாயின. குறை கற்பிப்பதில் இல்லை, கற்றதற்குச் சாட்சி இல்லாததில்தான். மாமா மூன்று வருடம் அருமையாகச் சொல்லிக் கொடுத்திருப்பார். பையன் தஞ்சோங் மாலிமுக்கோ பினாங்குக்கோ வேலை கேட்டுப் போனால், அங்குள்ள மேலாளருக்கு மாமாவைத் தெரியாது. அவனுக்கு உதவியாள் சம்பளம்தான் தருவார்.

மாமாவிடம் இந்த நான்கைக் கேளுங்கள், சொந்தம் என்பதால் கூச்சப்பட வேண்டாம்: சொக்சோ பதிவு, மாதச் சம்பளச் சீட்டு, செய்த வேலைகளின் படங்கள் தேதியோடு, நிறுவன முத்திரையுடன் பணிச் சான்றுக் கடிதம். இவை இருந்தால் பின்னாளில் முந்தைய தேர்ச்சியை அங்கீகரிக்கும் பி.பி.டி. வழியில், வகுப்புக்குப் போகாமலே எஸ்.கே.எம். கேட்டு விண்ணப்பிக்க முடியும்.

எந்தத் தொழிலைத் தேர்ந்தெடுப்பது?

பிள்ளையின் உடம்பையும் குணத்தையும் முதலில் பாருங்கள். நிறக்குருடு உள்ளவருக்கு வயரிங் சரிப்படாது. பழைய தோட்டத்து வீடுகளில் சிவப்பு, கறுப்பு, பச்சைக் கம்பிகளும், சாமான்களின் வயரில் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சளும் கலந்து வரும். அதைப் பிரித்தறிய முடியாதவர் உயிரைப் பணயம் வைக்கிறார். இளைப்பு உள்ளவருக்கு வெல்டிங் புகை ஒத்துக்கொள்ளாது. உயரம் பார்த்தால் தலை சுற்றுபவருக்கு ஏர்கோன் வெளிப்பெட்டி வேலை கடினம்.

வெல்டிங்கில் சீக்கிரம் சம்பாதிக்கலாம், ஆனால் ஏணி நீளமானது. கேட் கதவும் கிரில்லும் செய்பவருக்கும் 6ஜி நிலையில், அதாவது 45 பாகை சாய்த்துப் பொருத்திய குழாயைச் சுற்றிச் சுற்றி ஒட்டத் தெரிந்தவருக்கும் சம்பளம் மலைக்கும் மடுவுக்கும். ஆகவே கேட் பட்டறையில் நின்றுவிடாமல், தட்டையிலிருந்து செங்குத்துக்கும், அங்கிருந்து குழாய்க்கும் ஏறும் பயிற்சித் திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வயரிங்கில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. எஸ்.கே.எம். மட்டும் இருந்தால் நீங்களே பொறுப்பேற்றுக் கையொப்பமிட்டு வேலையை ஒப்படைக்க முடியாது. அதற்கு எரிசக்தி ஆணையமான சுருஹன்ஜாயா தெனாகாவின் தகுதிச் சான்று வேண்டும். ஒற்றைக் கட்ட (சிங்கிள் பேஸ்) மின்சாரத்துக்கு ஒன்று, மூன்று கட்ட (த்ரீ பேஸ்) மின்சாரத்துக்கு ஒன்று, அதற்குமேல் மின் நிறுவல்களைப் பொறுப்பேற்று இயக்கும் சார்ஜ்மேன் வகைகள். ஆகவே சேரும் இடத்தில் படித்தால் அந்தத் தேர்வை எழுத முடியுமா என்று முதல் நாளே கேளுங்கள்.

ஏர்கோன் வேலை கழுவுவதில் தொடங்கி, அங்கேயே தேங்கிவிடும் ஆபத்து உண்டு. முறையாகப் பொருத்தக் கற்றுக்கொடுக்கும் ஆள் கிடைத்தால் விடாதீர்கள். செம்புக் குழாய் முனையை விரித்து, நைட்ரஜன் அடைத்துக் கசிவு பார்த்து, வேக்குவம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்த பிறகே வாயுவைத் திறக்க வேண்டும். அவசரத்தில் வாயுவையே கொஞ்சம் விட்டுக் காற்றைத் தள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள். உள்ளே தங்கிய ஈரம் எண்ணெயைக் கெடுத்து, நாளடைவில் கம்பிரசரைத் தின்றுவிடும். புதிய பெட்டிகளில் இருக்கும் ஆர்32 வாயு இலேசாகத் தீப்பற்றக்கூடியது. அதை அப்படிக் காற்றில் விடுவது இன்னும் பெரிய தவறு.

செம்பனை எண்ணெய் ஆலையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பெரிய பள்ளிக்கூடம் அது. பழத்தின் நார்க்கழிவையும் கொட்டையின் ஓட்டையும் எரித்து நீராவி எடுத்து, அதிலேயே டர்பைனை ஓட்டி ஆலைக்கு மின்சாரம் செய்கிறார்கள். பழக்குலை வேகும் கலன் சுமார் 3 பார் அழுத்தத்தில் ஓடும். ஃபிட்டர், வெல்டர், சார்ஜ்மேன், கொதிகலன் இயக்குநர் என நான்கு தொழிலும் ஒரே கூரையின் கீழ். கொதிகலனை இயக்குவதற்கு, ‘வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை’ தரும் தகுதிச் சான்று கட்டாயம். அதற்கான அனுபவக் காலத்தை ஆலையிலேயே சேர்க்கலாம். அப்பா ஆலையில் வேலை செய்தால், பொறியாளரிடம் நேரில் போய்க் கேட்கத் தயங்காதீர்கள்.

முதல் மாதத்துக்கு என்ன வாங்க வேண்டும்? என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பெரிய கருவி எதுவும் வாங்க வேண்டாம். இரும்பு மூக்குள்ள பாதுகாப்புக் காலணி, கண்ணாடி, முழுக்கைப் பருத்திச் சட்டை, அளவு நாடா, சின்னக் குறிப்பேடு போதும். ஜெர்சி, நைலான் சட்டை போட்டுப் போகாதீர்கள், பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மின் வேலைக்குப் போகிறவர் பிறகு நல்ல மல்டிமீட்டர் வாங்கலாம். சந்தையில் கிடைக்கும் மிக மலிவானதை நம்பி மூன்று கட்ட மின்சாரத்தில் கை வைக்கக்கூடாது.

கட்டுமானத் தளத்துக்குப் போகிறவருக்குக் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி.யின் பச்சை அட்டை வேண்டும். ஒரு நாள் பாதுகாப்பு வகுப்பு முடித்தால் கிடைக்கும். அட்டை இல்லாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வெல்டிங்குக்கு வீட்டிலேயே மனப்பாடம் செய்து வைக்க இவை உதவும். 2.6 மில்லிமீட்டர் ஈ6013 வகை வெல்டிங் குச்சிக்குச் சுமார் 60 முதல் 90 ஆம்ப்பியர், 3.2 மில்லிமீட்டருக்கு 90 முதல் 130. குறைத்து வைத்தால் குச்சி தகட்டில் ஒட்டிக்கொள்ளும், கசடு உள்ளே மாட்டும். கூட்டி வைத்தால் ஓரம் அரித்துப் பள்ளம் விழும், மெல்லிய தகடு ஓட்டையாகும். ஈ7018 குச்சி ஈரம் பிடித்தால் ஒட்டுக்குள் ஹைட்ரஜன் புகுந்து, ஆறிய பிறகு விரிசல் விடும். நம் ஊர் மழைக்கு அதைத் திறந்த பெட்டியில் வைப்பதே தவறு, சூட்டடுப்பில்தான் இருக்க வேண்டும். துத்தநாகம் பூசிய குழாயை மூடிய அறையில் ஒட்டாதீர்கள். அந்தப் புகை அன்று இரவே குளிர்க்காய்ச்சல் போல ஆளைப் படுக்க வைக்கும்.

கண்ணில் ஒளி அடித்தால் உடனே தெரியாது, ஐந்தாறு மணி நேரம் கழித்து மணல் கொட்டியது போல எரியும். உருளைக்கிழங்கு வைப்பது, தாய்ப்பால் விடுவது எல்லாம் வேண்டாம். கிளினிக்குக்குப் போங்கள். பக்கத்தில் நிற்கும் உதவியாளுக்கும் இது வரும் என்பதால் அவருக்கும் கண்ணாடி வேண்டும்.

கணக்கில் பயப்பட வேண்டியது கொஞ்சம்தான். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், கால் அங்குலம் 6.35, அரை அங்குலம் 12.7. மூலை செங்கோணமா என்று பார்க்க 3, 4, 5 அளவு. ஒரு பக்கம் 60 சென்டிமீட்டர், அடுத்தது 80 என்றால் குறுக்கே 100 வர வேண்டும். நேர்காணலில் இதைக் கேட்கும் முதலாளிகள் நிறைய.

கல்விக்கடன் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

தனியார் பயிற்சி மையங்களில் எஸ்.கே.எம். படிக்க, திறன் மேம்பாட்டு நிதிக் கழகமான பி.டி.பி.கே.யின் கடன் கிடைக்கும். அது உதவித்தொகை அல்ல, கடன். பாதியில் நின்றாலும் கட்ட வேண்டும். “இலவச வகுப்பு, இங்கே கையெழுத்து போடு” என்று தோட்டத்துக்கே வந்து ஆள் சேர்ப்பவர்களிடம் கவனமாக இருங்கள். கையொப்பமிடும் முன் மூன்றைச் சரிபாருங்கள்: மையத்தின் ஜே.பி.கே. அங்கீகாரம், அதே தொழிலுக்கும் அதே நிலைக்கும் அங்கீகாரம் இருக்கிறதா என்பது, அதன் காலாவதித் தேதி. ஏர்கோனுக்கு அங்கீகாரம் உள்ள இடம் வயரிங் வகுப்பும் நடத்தினால், வயரிங் சான்றிதழ் வராது.

இந்தியச் சமூக உருமாற்றப் பிரிவான மித்ரா வழியாகவும் இந்திய இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி உதவி அவ்வப்போது வரும். அறிவிப்பு வந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

பிள்ளைக்கு நீல அடையாள அட்டை இல்லை. என்ன செய்வது?

இது தோட்டப்புறத்தில் இன்னும் இருக்கும் வேதனை. குடியுரிமை இல்லாமல் அரசாங்கப் பயிற்சியிலும் கடனிலும் கதவு திறக்காது. குறிப்பிட்ட வயது வரம்புக்குக் கீழ் இருந்தால் அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்படி விண்ணப்பிக்க வழி உண்டு. ஆகவே வயது ஏறும் முன் தேசியப் பதிவுத் துறைக்குப் போங்கள். பெற்றோரின் திருமணச் சான்று, பிறப்பு ஆவணம், பள்ளிப் பதிவேடு, தோட்டத்து மருத்துவக் குறிப்பு, எது கிடைத்தாலும் எடுத்துச் செல்லுங்கள். நகல்களையும் ரசீது எண்ணையும் பத்திரமாக வையுங்கள்.

மகளை அனுப்பலாமா?

தாராளமாக அனுப்புங்கள். மின்னியல், கருவிக் கட்டுப்பாடு, டிக் வெல்டிங் போன்றவற்றில் கைப்பக்குவம்தான் பேசும். விடுதி, தனிக் கழிப்பறை, பெண் பயிற்றுநர் இருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பிள்ளைகள் முதல் இரண்டு மாதத்திலேயே ஏன் நின்றுவிடுகிறார்கள்?

பெரும்பாலும் தொழில் பிடிக்காமல் அல்ல. மோட்டார் இல்லை, அல்லது லைசென்ஸ் இல்லை. பி2 மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் 16 வயதிலிருந்து எடுக்கலாம், பயிற்சிக்கு முன்பே எடுத்துவிடுங்கள். அடுத்தது முதல் சம்பளம் வரும்வரை பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் கையில் காசில்லாத அந்த ஐந்து வாரம். அதற்கு வீட்டில் முன்கூட்டியே ஒதுக்குங்கள். மூன்றாவது, பட்டறையில் விழும் ஏச்சு. ஆபத்தான நேரத்தில் “கையை எடு!” என்று கத்துவது வேறு, நாள் முழுக்க இழிவாகப் பேசுவது வேறு. முதலாவதைத் தாங்கப் பழகணும், இரண்டாவதைப் பற்றி வீட்டில் சொல்லணும். தைப்பூசம், குலதெய்வப் படையல் என்று விடுப்பு வேண்டுமென்றால் இரண்டு வாரம் முன்பே எழுத்தில் கேளுங்கள். சொல்லாமல் மூன்று நாள் காணாமல் போனால் அந்த இடம் போய்விடும்.

சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். பழகுநரை எடுப்பது எனக்குச் சுமை அல்லவா?

முதல் மூன்று மாதம் சுமைதான், மறைக்க வேண்டாம். பையன் கெடுக்கும் குச்சிக்கும் தகட்டுக்கும் செலவு உண்டு. கழிவுத் தகட்டை ஒதுக்கி, தினமும் அரை மணி நேரம் அதில் ஒட்டிப் பழக விடுங்கள். வாடிக்கையாளர் பொருளில் பழக விடாதீர்கள். கூட்டுவதும் தேநீர் வாங்குவதும் மட்டுமே வேலையாக இருந்தால் அவன் நிற்க மாட்டான். வாரத்துக்கு ஒரு புதிய வேலை என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள்: அளப்பது, வெட்டுவது, கிரைண்டர் பிடிப்பது, தட்டையில் ஒட்டுவது. கிரைண்டருக்குக் கவசம் கழற்றாமல் பழக்குங்கள். வட்டு உடைந்து பறக்கும் விபத்துகளில் அந்தக் கவசம்தான் முகத்தைக் காக்கிறது.

முதலாளி படித்தொகையே தரவில்லை. யாரிடம் போவது?

முதலில் எழுத்தில் கேளுங்கள், வாட்சாப் செய்தியும் சாட்சிதான். பதில் வராவிட்டால் ஒப்பந்தம், வருகைக் குறிப்பு, வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றோடு தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. எஸ்.எல்.டி.என். பதிவு என்றால் பயிற்சி மையத்துக்கும் ஜே.பி.கே.வுக்கும் அதே நாளில் தெரியப்படுத்துங்கள், வேறு நிறுவனத்துக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். வெளியேறும் முன் பதிவேட்டில் அதுவரை செய்த வேலைகளுக்குக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். தர மறுத்தால் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதையும் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.